ஸ்டாட்-1 ஆன்டிபாடி: மூன்று விலைப்புள்ளிகளில் எதற்குக் கையெழுத்து?

மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே நாளில் வந்துவிட்டன. மூன்றிலும் பொருளின் பெயர் ஒன்றுதான்: ஸ்டாட்-1 ஆன்டிபாடி, 100 மைக்ரோலிட்டர். ஸ்டாட்-1 என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். அதைத் தேடிப் பிடித்துக் காட்டுவது ஆன்டிபாடி, பள்ளிப் பாடநூலில் எதிர்ப்பொருள் என்று படித்தோமே, அதேதான். ஒன்றின் விலை 24,000 ரூபாய், அடுத்தது 33,000, மூன்றாவது 41,000. எங்கள் ஆய்வகத்தில் இந்த ஆண்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கும் பென்னாகரத்துப் பெண் மூன்று தாள்களையும் என் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, "அக்கா, மூன்றும் ஒரே புரதத்தைத்தானே பிடிக்கின்றன? விலை குறைந்ததற்கே கையெழுத்து வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டாள்.

கேட்டதில் தவறில்லை. 2023 முதல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதில் பெங்களூரில் அறை வாடகையும் கொடுத்து, வீட்டுக்கும் அனுப்புகிறவளிடம் இரண்டு சொட்டுத் திரவத்துக்கு 41,000 என்றால் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனாலும் அன்று நான் கையெழுத்து வாங்க விடவில்லை. "முதலில் மூன்று தகவல் தாள்களையும் அச்செடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து படிப்போம்" என்றேன். படித்தோம், மாதிரிக் குப்பிகள் கேட்டு வாங்கிச் சோதித்தோம், பிறகுதான் முடிவெடுத்தோம். இந்த ஊரின் ஆய்வகங்களில் தமிழ் மாணவர்கள் ஏராளம். இதே கேள்வி அவர்கள் மேசைக்கும் ஒருநாள் வரும் என்பதால் நாங்கள் அலசிய வழியை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகம் பெல்லாரி சாலைப் பக்கம். 1959-இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனமும் இதே சாலையில்தான் இருக்கிறது. எங்கள் வேலையும் காசநோயைச் சுற்றியதே. காசநோய்க் கிருமி உடலில் புகுந்தால் நோயெதிர்ப்புப் படையின் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது ரத்தத்திலுள்ள மோனோசைட் என்ற வெள்ளணுவின் வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பியில் வந்து அமர்கிறது. உள்ளே காத்திருக்கும் ஜாக்-1, ஜாக்-2 என்ற இரண்டு நொதிகள் விழித்துக்கொண்டு, ஸ்டாட்-1 புரதத்தின் 701-ஆவது அமினோ அமிலமான டைரோசின் மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய இரண்டு ஸ்டாட்-1 மூலக்கூறுகள் கைகோத்து உட்கருவுக்குள் போய், கிருமியைக் கொல்லும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டார்னெல்லின் ஆய்வகம் 1990களின் தொடக்கத்தில் இந்தப் பாதையைத் துலக்கியது.

இந்தப் பாதை பழுதானால் என்ன ஆகும் என்பதைக் குழந்தைகளிடம் பார்க்கிறோம். ஸ்டாட்-1 மரபணுவில் பிறவிக் குறை உள்ள சில குழந்தைகளுக்கு, பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியிலுள்ள வலுவிழந்த கிருமியே நோயாகிவிடுகிறது. பி.சி.ஜி. என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களான எங்களுக்குச் செங்கல்பட்டு நினைவுக்கு வராமல் போகாது. 1968-இல் அங்கே தொடங்கிய மாபெரும் ஆய்வுதான், வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று உலகுக்குச் சொன்னது. ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியின் ஒரு நுனியை இந்தப் பெண்ணின் ஆய்வும் பிடித்துப் பார்க்கிறது. ஆன்டிபாடி காட்ட அவள் படிக்கப்போகும் பட்டை பொய் சொன்னால், அதன்மேல் கட்டும் எல்லாமே பொய்யாகிவிடும். அதனால்தான் குப்பி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

ஆய்வு இதுதான்: நோயாளியிடமிருந்து 10 மில்லி ரத்தம் எடுத்து, மோனோசைட்டுகளைப் பிரித்து, இன்டர்ஃபெரான் காமா கொடுத்து, எத்தனை ஸ்டாட்-1 மூலக்கூறுகளில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க வேண்டும். புரதங்களை ஜெல்லின் தடங்களில் எடைவாரியாக ஓடவிட்டுப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை மட்டும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் முறை அது. இதற்கு மொத்த ஸ்டாட்-1-ஐக் காட்டும் ஆன்டிபாடி ஒன்று, பாஸ்பேட் ஏறியதை மட்டும் காட்டுவது இன்னொன்று என இரண்டு வேண்டும். மேசைக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளும் மொத்தத்துக்கானவை. 10 மில்லி ரத்தத்தில் கிடைக்கும் மோனோசைட்டுகள் பத்து, இருபது லட்சம். கேட்கப் பெரிய எண்தான், ஆனால் அதிலிருந்து வரும் புரதம் ஜெல்லின் ஒரு சில தடங்களுக்கே போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் முடிவைத் திருப்பியது இதுதான்.

தகவல் தாளில் நான் முதலில் தேடுவது விலையையோ படத்தையோ அல்ல. எந்தத் துண்டை விலங்குக்குச் செலுத்தி இந்த ஆன்டிபாடியை வளர்த்தார்கள் என்ற ஒற்றை வரியைத்தான் தேடுவேன். ஸ்டாட்-1 செல்லுக்குள் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஆல்ஃபா வடிவம் 91 கிலோடால்டன் (புரதத்தின் எடையை அளக்கும் அலகு), பீட்டா வடிவம் 84. பீட்டாவுக்கு வால் பகுதியில் 38 அமினோ அமிலங்கள் குறைவு. 24,000 ரூபாய்க் குப்பியின் தாளில், வால் முனையின் துண்டைக் கொண்டு முயலில் வளர்த்தது என்று இருந்தது. அந்த முனையே பீட்டாவில் இல்லையே! ஆகவே அந்த ஆன்டிபாடிக்கு பீட்டா கண்ணிலேயே படாது. 701-ஆவது டைரோசின் இரண்டு வடிவங்களிலும் உண்டு, இரண்டிலும் பாஸ்பேட் ஏறும். பாஸ்பேட் ஏறியதை இரண்டு வடிவங்களிலும் அளந்துவிட்டு, மொத்தத்தை ஒரு வடிவத்தில் மட்டும் அளந்து வகுத்தால் வரும் விகிதத்துக்கு என்ன பொருள்? மாணவி தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பென்சிலால் அந்த வரியின் கீழே கோடு போட்டாள். மற்ற இரண்டு குப்பிகளும் தலைமுனைப் பகுதியைப் பிடிப்பவை, இரண்டு வடிவங்களையும் காட்டும்.

இனி மூன்று வகைகளையும் பார்ப்போம்.

24,000 ரூபாய்க் குப்பி முயலின் பாலிகுளோனல். புரதத் துண்டை முயலுக்குச் செலுத்தி, சில வாரங்கள் கழித்து அதன் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளின் கலவை. பள்ளிப் பாடநூலில் எதிர்ப்பொருள் என்று படித்தோமே, அதேதான். ஒரே புரதத்தின் பல இடங்களைப் பல ஆன்டிபாடிகள் சேர்ந்து பிடிப்பதால் சமிக்ஞை வலுவாக வரும். புரதக் கரைசலிலிருந்து ஸ்டாட்-1-ஐ வாரி எடுக்கும் வேலைக்கு இன்றும் இது நல்ல கை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. முயல் இறந்துவிட்டால் அந்தக் கலவை இந்த உலகத்தில் மறுபடி கிடையாது. அடுத்த குப்பி அடுத்த முயலினுடையது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஆனால் அடுத்த பானைக்கு அந்தச் சோறு பதமாகாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சமிக்ஞைப் புரதத்துக்கு நாங்கள் வாங்கிய பாலிகுளோனல் முதல் குப்பியில் அழகாக வேலை செய்தது. இரண்டாவது குப்பி, தொகுதி எண் வேறு. மெம்பரேனில் எதிர்பார்த்த பட்டைக்குக் கீழே 60 கிலோடால்டன் பக்கம் புதிதாக ஒரு பட்டை. கூர்மையான, தெளிவான பட்டை. நோயாளிகளின் மாதிரிகளில் மட்டும் தடித்திருந்தது. புரதத்தின் புதிய வடிவம் ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று நான்கு மாதம் அதன் பின்னால் ஓடினோம். கடைசியில் பழைய குப்பியின் அடியில் மிச்சமிருந்த 3 மைக்ரோலிட்டரை வழித்தெடுத்து அதே மாதிரியில் ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பட்டை இல்லை. இரண்டாவது முயல் வேறெதையோ பிடித்துக்கொண்டிருந்தது. விற்ற நிறுவனம் மறுபேச்சில்லாமல் புதிய குப்பி அனுப்பியது. அந்த நான்கு மாதத்தையும், ஆய்வேட்டிலிருந்து ஒரு இயலையே எடுத்துப்போட்ட மாணவனின் முகத்தையும் யார் திருப்பித் தருவது?

நல்ல பாலிகுளோனல் ஒன்று கிடைத்துவிட்டாலும் அது நிலைக்கும் என்று சொல்ல முடியாது. ஆடுகளையும் முயல்களையும் ஆயிரக்கணக்கில் வளர்த்து ஆன்டிபாடி விற்றுவந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று, விலங்குகளை நடத்திய விதம் குறித்த புகார்களில் 2016-இல் 35 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது, உரிமத்தையும் இழந்தது. அந்த விலங்குகளின் பாலிகுளோனல்களை நம்பி ஆய்வு செய்துகொண்டிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

33,000 ரூபாய்க் குப்பி எலியின் மோனோகுளோனல். கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் 1975-இல் கண்ட வழி இது. ஆன்டிபாடி சுரக்கும் ஒற்றை எலிச் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்துச் சாகாத கலப்புச் செல்லாக்கி, அதிலிருந்து ஒரே வகை ஆன்டிபாடியை ஆண்டுக்கணக்கில் எடுப்பது. 1984-இல் நீல்ஸ் யெர்னேவுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாலிகுளோனலோடு ஒப்பிட்டால் இது பாறை. குப்பிக்குக் குப்பி மாற்றம் மிகக் குறைவு. ஆனாலும் ஒற்றை ஆன்டிபாடி என்ற பெயரை முழுதாக நம்பிவிடக் கூடாது. கலப்புச் செல்கள் 185-ஐ எடுத்துச் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செல்கள் வேண்டாத கூடுதல் ஆன்டிபாடிச் சங்கிலிகளையும் சேர்த்தே உற்பத்தி செய்துகொண்டிருந்தன. நாளாக நாளாகக் கலப்புச் செல் மரபணுவை இழந்துவிடுவதும் உண்டு.

41,000 ரூபாய்க் குப்பி முயலின் ரீகாம்பினன்ட் மோனோகுளோனல். ஆன்டிபாடியின் மரபணு வரிசையைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு, வளர்ப்புச் செல்லுக்குள் அந்த மரபணுவைப் புகுத்தி உற்பத்தி செய்வது. விலங்கு இறந்தாலும் செல் கெட்டாலும் வரிசை கையில் இருக்கிறது. பத்தாண்டு கழித்து வாங்கும் குப்பியும் இதே பொருள்தான். ஆன்ட்ரூ பிராட்பரி, ஆன்ட்ரியாஸ் ப்ளுக்தூன் இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆய்வுக்கான ஆன்டிபாடிகள் எல்லாம் வரிசை தெரிந்த ரீகாம்பினன்ட்களாக வேண்டும் என்று 2015-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அது வெறும் ஆசையாக நிற்கவில்லை. 65 மனிதப் புரதங்களுக்கு விற்பனையிலிருந்த 614 ஆன்டிபாடிகளை, அந்தந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வு 2023-இல் வெளியானது. சராசரியாகப் பார்த்தால் ரீகாம்பினன்ட்கள் மற்ற இரண்டு வகைகளையும்விட நன்றாகத் தேறின. தோற்றுப்போன ஆன்டிபாடிகளை வைத்து எழுதிய ஆய்வுக்கட்டுரைகள் சராசரியாக ஒரு புரதத்துக்கு ஏறத்தாழ ஒரு டஜன் இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விலையை இன்னொரு தரம் பார்ப்போம். குப்பியின் விலையை ஒப்பிடுவதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மெம்பரேனுக்கு என்ன செலவு என்றுதான் கணக்குப் போட வேண்டும். எங்களுக்கு ஒரு மெம்பரேனுக்கு 5 மில்லி கரைசல் தேவை. பாலிகுளோனலின் தாள் 500 மடங்கு நீர்க்கச் சொல்கிறது, அதாவது ஒரு முறைக்கு 10 மைக்ரோலிட்டர், ஒரு குப்பிக்கு 10 மெம்பரேன், ஒன்றுக்கு 2,400 ரூபாய். எலி மோனோகுளோனல் 1,000 மடங்கு: 20 மெம்பரேன், ஒன்றுக்கு 1,650. ரீகாம்பினன்ட் 2,000 மடங்கு: 40 மெம்பரேன், ஒன்றுக்கு 1,025 ரூபாய். மலிவென்று நினைத்த குப்பிதான் மூன்றிலும் விலை கூடியது. கொள்முதல் குழுவின் முன் வைக்க இந்தக் கணக்கைவிட நல்ல ஆயுதம் கிடையாது. குறைந்த விலைப்புள்ளியை விட்டுவிட்டு ஏன் கூடியதைக் கேட்கிறீர்கள் என்று தணிக்கையில் கேட்பார்கள். அரைப் பக்கத்தில் இதை எழுதிக் கோப்பில் வைத்துவிட்டால் போதும். தாள் சொல்லும் நீர்ப்பு உங்கள் மாதிரிக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் முதலில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை படித்தவர்கள் ரீகாம்பினன்ட் என்று தீர்ப்பெழுதியிருப்பீர்கள். நானும் பாதி எழுதிவிட்டேன். ஆனால் மொத்த ஸ்டாட்-1 பாதிக் கதைதான். மீதிக் கதை 701-இல் பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்கும் தனி ஆன்டிபாடி. உண்மையான ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டாட் குடும்பத்தில் ஏழு புரதங்கள். ஸ்டாட்-3 என்பது ஸ்டாட்-1-இன் தம்பி மாதிரி. ஸ்டாட்-1-இல் 701-ஆவது டைரோசினுக்கு அடுத்து வருபவை ஐசோலூசின், லைசின், திரியோனின், குளுட்டாமிக் அமிலம். ஸ்டாட்-3-இல் 705-ஆவது டைரோசினுக்கு அடுத்து வருபவை லூசின், லைசின், திரியோனின், லைசின். நான்கில் இரண்டு அப்படியே ஒன்று, ஐசோலூசினும் லூசினும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். எடையோ ஸ்டாட்-3-க்கு ஏறத்தாழ 86 கிலோடால்டன், ஸ்டாட்-1-இன் இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆன்டிபாடி தவறிப்போய் ஸ்டாட்-3-ஐப் பிடித்தாலும் எடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டாட்-3-ஐ முடுக்குபவை இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-10 என்ற சமிக்ஞைப் புரதங்கள். இரண்டும் காசநோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கக்கூடியவை. ஆரோக்கியமானவர்களின் மாதிரியில் ஒழுங்காக நடந்துகொள்ளும் ஆன்டிபாடி, நோயாளிகளின் மாதிரியில் மட்டும் பொய் சொல்லும். அந்தப் பொய்யும் நாம் தேடும் விடையின் வடிவத்திலேயே வரும். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

டொராண்டோவில் எலெஃப்தீரியோஸ் டயாமண்டிஸ் குழுவுக்கு நேர்ந்தது இதே வகைதான். கணையப் புற்றுநோய்க்கான அடையாளம் என்று ஒரு புரதத்தை அளக்க வாங்கிய கிட் வேறொரு புரதத்தை அளந்துகொண்டிருந்தது. தெரிவதற்குள் இரண்டு ஆண்டும் ஐந்து லட்சம் டாலரும் போய்விட்டன. அவர்கள் அதை மறைக்காமல் 2014-இல் கட்டுரையாகவே எழுதிவைத்தது எங்களைப் போன்றவர்களுக்குச் செய்த பெரிய உபகாரம்.

ஆகவே பாஸ்பேட் ஆன்டிபாடிக்கு ரீகாம்பினன்ட் முயல் மோனோகுளோனலைத் தவிர வேறெதையும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விலை 44,000. இதில் பேரம் இல்லை. சின்னஞ்சிறு பாஸ்பேட்டையும் அதைச் சுற்றிய நான்கைந்து அமினோ அமிலங்களையும் மட்டும் அடையாளம் காண வேண்டிய இடத்தில் பாலிகுளோனல் கலவையை நம்பி நோயாளியின் ரத்தத்தை வீணாக்கக் கூடாது.

ஆனால் பாஸ்பேட்டுக்கு முயல் என்று முடிவானதும் மொத்தத்துக்கான கணக்கு புரண்டுவிட்டது. மொத்த ஸ்டாட்-1 அளவை ஏன் அளக்கிறோம்? இன்டர்ஃபெரான் ஸ்டாட்-1-க்குப் பாஸ்பேட் ஏற்றுவதோடு நிற்பதில்லை, ஸ்டாட்-1 மரபணுவையே முடுக்கிவிடுகிறது. பாஸ்பேட் 15 முதல் 30 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மொத்த அளவோ மெல்ல ஏறி மறுநாள் பல மடங்காகியிருக்கும். நாள்பட்ட நோயாளியின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் ஏற்கெனவே சுரந்துகொண்டிருப்பதால் அவருடைய மோனோசைட்டில் தொடக்கத்திலேயே மொத்தம் கூடுதலாக இருக்கலாம். மொத்தத்தால் வகுக்காமல் பாஸ்பேட்டை மட்டும் காட்டினால் அது பாதி உண்மை.

இரண்டும் முயல் ஆன்டிபாடி என்றால், முதலில் பாஸ்பேட்டைப் பார்த்துவிட்டு மெம்பரேனைக் கழுவி ஆன்டிபாடியை உரித்தெடுத்து மறுபடி மொத்தத்தைப் பார்க்க வேண்டும். உரிக்கும்போது புரதமும் கொஞ்சம் போய்விடும், எவ்வளவு போனது என்று தெரியாது. இரண்டு ஜெல் ஓட்டலாம் என்றால் மாதிரி போதாது. பத்து மில்லி ரத்தத்தில் அவ்வளவுதான் வரும். மொத்தத்துக்கு எலி ஆன்டிபாடி என்றால் இந்தச் சங்கடமே இல்லை. ஒரே மெம்பரேனில் இரண்டையும் ஒன்றாக ஊற்றி, முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டி ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடிகளில் முயலைப் பிடிப்பதற்கு ஒரு நிறம், எலியைப் பிடிப்பதற்கு வேறு நிறம் என்று கொடுத்து, ஒளிர்வுப் படக்கருவியில் ஒரே நேரத்தில் படமெடுத்துவிடலாம். அதே தடம், அதே பட்டை, இரண்டு நிறம். வகுத்தால் வரும் எண்ணை நம்பலாம்.

எனவே எங்களுக்கு 33,000 ரூபாய் எலி மோனோகுளோனல். மெம்பரேனுக்கு 625 ரூபாய் கூடுதல் என்பது நோயாளியிடம் இன்னொரு முறை ஊசி குத்துவதைவிட எவ்வளவோ மேல். கலப்புச் செல்லின் நிலையாமைக்குப் பரிகாரமாக ஆய்வு முழுவதுக்கும் தேவையான மூன்று குப்பிகளையும் ஒரே தொகுதி எண்ணில் கேட்டோம். விநியோகஸ்தர் முதலில் முடியாது என்றார். எழுத்தில் கேட்டதும் ஒதுக்கி வைத்துத் தந்தார். இதைக் கேட்க மாணவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். ஒளிர்வுப் படக்கருவி இல்லாமல் சாதாரண வேதி ஒளி முறைதான் இருக்கிறது, வளர்ப்புச் செல்களில் வேலை, புரதத்துக்குப் பஞ்சமில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு 41,000 ரூபாய் ரீகாம்பினன்டை வாங்குங்கள், இரண்டு ஜெல் ஓட்டிக்கொள்ளலாம். எலியின் திசுக்களை வெட்டி நிறமேற்றிப் பார்ப்பவர்களுக்கும் முயல் ஆன்டிபாடிதான் நல்லது. எலித் திசுவில் எலி ஆன்டிபாடியை ஊற்றினால், இரண்டாம் ஆன்டிபாடி திசுவிலேயே இருக்கும் எலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் பிடித்து எங்கும் நிறம் அப்பிக்கொள்ளும். கரைசலிலிருந்து ஸ்டாட்-1-ஐ வாரி எடுப்பது மட்டுமே வேலை என்றால், பாலிகுளோனலுக்கு நான் எதிரியல்ல.

சோதனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விற்பவர்களிடம் 10 மைக்ரோலிட்டர் மாதிரிக் குப்பி கேட்டால் பல நேரம் கிடைக்கும். அதை எதில் சோதிப்பது? ஸ்டாட்-1 அறவே இல்லாத செல்லில். இன்டர்ஃபெரான் பாதையைத் துலக்க ஜார்ஜ் ஸ்டார்க், இயன் கெர் குழுக்கள் உருவாக்கிய யு-3-ஏ என்ற மனிதச் செல் வரிசையில் ஸ்டாட்-1 கிடையாது. அதன் தாய் வரிசையில் உண்டு. நகரத்தின் மறுகோடியிலுள்ள ஒரு ஆய்வகத்தில் இரண்டும் இருந்தன. மாணவியே போய்க் குடுவைகளில் நிரம்ப வளர்ப்புக் கரைசல் ஊற்றி, மூடியை இறுக்கி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்தாள். ஹெப்பாள் மேம்பாலத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றதாம். "அக்கா, பெட்டிக்குள் 37 டிகிரி இருக்கிறதா என்று கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்" என்றாள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அறை வெப்பம் தாங்கும் என்று பிறகு சொன்னேன். ஆனாலும் அந்தக் கவலை எனக்குப் பிடித்திருந்தது.

8 சதவீத ஜெல். 91-உம் 84-உம் பிரிய வேண்டுமென்பதால் நீலச் சாயம் அடியில் வெளியேறிய பிறகும் இருபது நிமிடம் ஓட விட்டோம். தாய்ச் செல், இன்டர்ஃபெரான் இல்லாமல் ஒரு தடம், அரை மணி நேரம் காமா கொடுத்து ஒரு தடம். யு-3-ஏ செல்லில் அதேபோல் இரண்டு. ஐந்தாவது தடம் யு-3-ஏ செல்லுக்கு இன்டர்லூகின்-6 கொடுத்தது. ஸ்டாட்-1 இல்லாமல் ஸ்டாட்-3 மட்டும் பாஸ்பேட் ஏறியிருக்க வேண்டிய தடம். அதில் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்-3 உண்மையிலேயே இருக்கிறதா என்று அதற்கான ஆன்டிபாடியை வைத்துத் தனியாகப் பார்த்துக்கொண்டோம், இருந்தது. செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஆர்த்தோவனடேட் போட மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் செல்லின் நொதிகளே பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மெம்பரேனின் வெற்றிடங்களை மூடப் பால்பொடி வேண்டாம். பாலின் கேசீன் புரதமே பாஸ்பேட் தாங்கியது, பின்னணி கூடும். மாட்டு ஆல்புமினே போதும்.

இரவு எட்டு மணிக்குப் படம் வந்தது. எலி மோனோகுளோனல்: தாய்ச் செல்லின் இரண்டு தடங்களிலும் மேலே தடித்த பட்டை, அதன் கீழே மெல்லிய பட்டை, நடுவில் மயிரிழை இடைவெளி. யு-3-ஏ தடங்கள் மூன்றும் வெறுமை. ரீகாம்பினன்டும் அப்படியே. பாலிகுளோனலில் கீழ்ப்பட்டை இல்லை, தாள் சொன்னபடிதான். ஆனால் யு-3-ஏ தடங்களில் 90-க்குச் சற்று மேலே புகை படிந்ததுபோல மங்கலாக ஏதோ இருந்தது. பாஸ்பேட் ஆன்டிபாடியில் இரண்டாவது தடம் மட்டும் பளிச்சென்று எரிந்தது. ஐந்தாவது தடத்தை மாணவி திரையில் பெரிதாக்கினாள், ஒளிர்வைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். பின்னணிப் புள்ளிகள்தான் தெரிந்தன, பட்டை இல்லை. "ஸ்டாட்-3-ஐத் தொடவில்லை அக்கா" என்றாள். அந்த வெற்றுத் தடத்தை அவளே தன் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தாள்.

பொருள் வந்து சேர்வதைப் பற்றியும் கொஞ்சம். எல்லாமே இறக்குமதி. சுங்கம் முடிந்து விமான நிலையத்திலிருந்து வர வாரங்கள் ஆகும். ஒருமுறை எங்கள் பெட்டி வெள்ளி மாலை வாயிலுக்கு வந்து, யாரும் சொல்லாததால் திங்கள் காலை வரை காவலர் மேசையிலேயே கிடந்தது. பனிக்கட்டிப் பைகள் வெதுவெதுப்பாகியிருந்தன. பதறித் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆன்டிபாடிகள் பொதுவாக நாம் நினைப்பதைவிடத் திடமானவை. இரண்டு மூன்று நாள் அறை வெப்பத்தில் பலவும் தாங்கிவிடும். அதே ஐந்து தடங்களை ஓட்டிப் பார்த்து, பட்டையின் வலு குறைந்திருந்தால் மட்டும் விநியோகஸ்தருக்குப் படத்தோடு எழுதுங்கள். கெடுப்பது பெரும்பாலும் உறைந்து உருகி உறைந்து உருகுவதுதான். பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வரும் குப்பி மைனஸ் 20-இல் உறையாது, அதைப் பிரித்து ஊற்ற வேண்டாம். கிளிசரால் இல்லாததை வந்த அன்றே 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்துவிடுங்கள். அவ்வப்போது தானே சூடாகிப் பனியை உருக்கி நீக்கும் வீட்டு ஃபிரீசர் வகை ஆய்வகத்தில் இருந்தால், அதில் வைக்காதீர்கள்.

சென்ற செவ்வாயன்று கொள்முதல் தாளில் கையெழுத்தானது: எலி மோனோகுளோனல் மூன்று குப்பி, ஒரே தொகுதி. பாஸ்பேட்டுக்கு முயல் ரீகாம்பினன்ட் இரண்டு குப்பி. இனி நோயாளிகளிடம் ரத்தம் எடுக்கும் தேதியை, குப்பிகள் வந்து அந்த ஐந்து தடங்களும் மறுபடி சரியாக ஓடிய பிறகுதான் மருத்துவமனைக்குச் சொல்வதாக இருக்கிறோம். யு-3-ஏ செல்களை மாணவி நான்கு குப்பிகளில் உறைய வைத்து, மூடிமேல் தமிழில் "வெறுமை" என்று எழுதித் திரவ நைட்ரஜனில் இறக்கியிருக்கிறாள்.